பிரெஞ்சு வீட்டுப் பானங்கள்: வால்நட் ஒயின் முதல் பாதாம் சிரப் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு வீடுகளில் உண்மையில் எந்தப் பானங்களைச் செய்கிறார்கள்?

ஷாம்பெயினும் கோன்யாக்கும் வீட்டில் ஆகிற காரியம் இல்லை. அவற்றுக்குத் திராட்சைத் தோட்டமும் நிலவறையும் சாராயம் வடிக்கும் செப்பு வாலையும் வேண்டும். வீடுகளில் நடப்பது வேறு. கடையில் வாங்கிய ஒயினிலோ 40 சதவீதச் சாராயத்திலோ அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் காயையும் பழத்தையும் இலையையும் ஊறவைப்பார்கள். பிறகு சர்க்கரை சேர்த்து, வடிகட்டி, சில மாதம் பொறுத்து எடுப்பார்கள். பெரிகோர் பகுதியில் பச்சை வால்நட், புரோவான்ஸில் கசப்பு ஆரஞ்சு, பர்கண்டியில் காசிஸ் எனப்படும் கருந்திராட்சை போன்ற சிறுபழம் என்று ஊருக்கு ஊர் பொருள் மாறும். முறை ஏறக்குறைய ஒன்றுதான். நார்மண்டி, பிரித்தானிப் பக்கம் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சைடர் தனி மரபு. இவற்றோடு மது இல்லாத சிரப்புகளும் உண்டு. கோடையில் குழந்தைகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுப்பது அவற்றைத்தான்.

வீட்டில் செய்வது சட்டப்படி சரியா?

பிரான்சில் தீர்வை கட்டிய சாராயத்தை வாங்கிச் சொந்த உபயோகத்துக்குப் பழத்தை ஊறவைக்கத் தடை இல்லை. சாராயம் வடிப்பது வேறு விஷயம். சொந்தப் பழமரம் வைத்திருப்பவர்கள் ‘புயெர் து க்ரு’ என்ற முறையில் தங்கள் பழ ஊறலைப் பதிவுபெற்ற வடிசாலைக்குக் கொண்டுபோய், தீர்வை கட்டி வடித்துக்கொள்ளலாம். தீர்வை இல்லாமல் வடித்துக்கொள்ளும் பரம்பரைச் சலுகை வாரிசுக்குப் போவதை 1960-இல் நிறுத்திவிட்டார்கள். அனுமதி பெறாமல் அடுப்பில் வாலை வைத்து வடிப்பது அங்கேயும் குற்றம்.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அங்கே இருப்பவர்கள் பாதாம் சிரப், புதினா சிரப், மாதுளை சிரப் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஊறவைக்கும்போது அது விஷமாகிவிடாதா?

ஊறவைப்பதால் மெத்தனால் ஆபத்தான அளவுக்கு உருவாவதில்லை. ஆபத்து வருவது தவறான சாராயத்தால். பிரான்சில் மருந்துக்கடையில் விற்கும் 70 அல்லது 90 சதவீத ‘அல்கோல் மொதிஃபியே’ புண் துடைக்க உள்ளது. குடிக்க முடியாதபடி அதில் வேறு பொருள் கலந்திருக்கும். அடுப்பு எரிக்கும் ஸ்பிரிட்டும் அப்படியே. இரண்டையும் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பல்பொருள் கடையில் ‘பழத்துக்கான சாராயம்’ என்று 40 சதவீதத்தில் மணமில்லாமல் விற்பதை வாங்குங்கள். ‘ஓ து வீ’ எனப்படும் வெள்ளைப் பழச்சாராயமும் நல்லது. கிடைக்காத இடத்தில் சாதாரண வோட்கா போதும்.

எந்த ஒயின் வாங்குவது?

விலை உயர்ந்தது வேண்டாம். கெட்டதும் வேண்டாம். ஓக் பீப்பாயில் வைத்த ஒயினைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மர மணம் வால்நட்டின் துவர்ப்போடு சேர்ந்தால் வாய் இழுக்கும். வால்நட்டுக்குப் பழச்சுவை நிறைந்த, துவர்ப்புக் குறைந்த சிவப்பு ஒயின் ஏற்றது. ஆரஞ்சுக்கு ரோசே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயின் அல்லது இனிப்பில்லாத வெள்ளை ஒயின். 5 லிட்டர் பெட்டி ஒயின் இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். திறந்து பல நாள் ஆகிப் புளித்த ஒயினைச் சேர்த்தால் மொத்தமும் காடியாகிவிடும்.

ஒயினில் ஏற்கெனவே மது இருக்கிறதே, ஏன் மேலும் சாராயம்?

எல்லாச் செய்முறைக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

ஒயினில் பழமும் சர்க்கரையும் போட்டதும் மிச்சமிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். மூடிய பாட்டிலுக்குள் இது நடந்தால் தக்கை பறக்கும், சில சமயம் பாட்டிலே உடையும். மது ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தொட்டதும் பெரும்பாலான ஈஸ்ட் அடங்கிவிடும். நாம் எட்ட வேண்டியது அந்த எல்லையை.

வழக்கமான பிரெஞ்சு அளவு: 5 லிட்டர் ஒயின், 1 லிட்டர் 40 சதவீதச் சாராயம், 1 கிலோ சர்க்கரை. ஒயின் 12 சதவீதமானால் அதில் தூய மது 0.6 லிட்டர். சாராயத்தில் 0.4 லிட்டர். கூட்டினால் 1 லிட்டர். கரைந்த 1 கிலோ சர்க்கரை ஏறக்குறைய 0.62 லிட்டர் இடம் பிடிக்கும். ஆக மொத்தக் கொள்ளளவு 6.62 லிட்டர். ஒன்றை 6.62-ஆல் வகுத்தால் 15.1 சதவீதம். விளிம்பில்தான் நிற்கிறோம்.

அதனால் 10 சதவீத ஒயினை எடுத்து அதே அளவில் செய்தால் 13.6 சதவீதத்தில் நின்றுவிடும், ஊறும்போதே நுரைக்கத் தொடங்கலாம். சாறுள்ள பழம் போட்டாலும் இதே கதி. ஆறு ஆரஞ்சு 400 மில்லி சாறு விட்டால் 15.1 என்பது 14.2-க்கு இறங்கிவிடும். சாராயத்தை 1.25 லிட்டராக உயர்த்தினால் மீண்டும் 15.1-க்கு வந்துவிடும். ‘எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நன்றாக வந்தது, மறு வருஷம் பொங்கிவிட்டது’ என்று சொல்பவர்கள் முதலில் ஒயின் பாட்டிலின் சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் பாத்திரம்?

அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி. 5 லிட்டர் ஒயினுக்கு 8 முதல் 10 லிட்டர் கொள்ளும் ஜாடி வேண்டும், பழமும் இடம் பிடிக்கும். இரும்பு, அலுமினியம் இரண்டும் கூடாது. வால்நட்டின் டானின் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும், உலோகச் சுவையும் ஏறும். பிளாஸ்டிக் பழைய ஊறுகாய் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் வேண்டாம். வடிகட்ட எவர்சில்வர் சல்லடை, மல் துணி, காபி ஃபில்டர் தாள் போதும்.

வால்நட் ஒயினுக்குக் காயை எப்போது பறிப்பது?

மரபு சொல்லும் நாள் ஜூன் 24, புனித யோவான் திருநாள். தெற்கில் அதற்குச் சற்று முன், மலைப்பக்கம் ஜூலை 14 வரை. நாள்காட்டியை விட ஊசியை நம்புங்கள். தடித்த தையல் ஊசியைக் காயின் ஒரு பக்கம் குத்தினால் தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். நடுவில் தட்டினால் உள்ளே ஓடு கட்டத் தொடங்கிவிட்டது. அந்தக் காயில் மணம் குறைந்திருக்கும், மரச்சுவை ஏறியிருக்கும். வெயில் அதிகமான ஆண்டுகளில் ஜூன் இரண்டாம் வாரத்திலேயே குத்திப் பார்ப்பது நல்லது. தோலில் கறுப்புப் புள்ளியோ பூச்சித் துளையோ உள்ள காய் வேண்டாம். உலர்ந்த வால்நட் பருப்பில் இந்தப் பானம் வராது. பச்சைக் காயின் தோலிலும் இன்னும் கூழாக இருக்கும் உட்பகுதியிலும்தான் சுவை இருக்கிறது.

வால்நட் ஒயின் செய்முறை என்ன?

40 பச்சைக் காய், 5 லிட்டர் சிவப்பு ஒயின், 1 லிட்டர் 40 சதவீதச் சாராயம், 1 கிலோ சர்க்கரை. ஒரு ஆரஞ்சின் தோல் (உள்ளே உள்ள வெள்ளைப் பஞ்சு இல்லாமல்), பாதி வனிலாக் காய். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் போடுபவர்களும் உண்டு. எங்களைக் கேட்டால் ஒரு சிறு துண்டுப் பட்டைக்கு மேல் வேண்டாம். மசாலா ஏறினால் வால்நட் ஒளிந்துகொள்ளும்.

கையுறை போடுங்கள். காயின் சாறு தோலைப் பழுப்பாக்கும், சோப்புக்குப் போகாது, நாள்கணக்கில் நிற்கும். பலகைக்கு மேல் பழைய செய்தித்தாள் விரியுங்கள். காயைக் கழுவித் துடைத்து நாலாக வெட்டி உடனே ஜாடியில் போட்டுச் சாராயத்தை ஊற்றுங்கள். வெட்டிய காய் காற்றில் நின்றால் கறுக்கும். பிறகு சர்க்கரையும் ஒயினும். சர்க்கரை கரையும் வரை முதல் வாரம் தினமும் ஜாடியை அசைக்க வேண்டும். வெயில் படாத இடத்தில் 40 நாள். விரும்பினால் 60 வரை போகலாம். அதற்கு மேல் போனால் கசப்புதான் கூடும்.

வடிகட்டும்போது காயைப் பிழியாதீர்கள். பிழிந்தால் மண்டி வரும், துவர்ப்பும் வரும். இரண்டு நாள் குளிரில் தெளியவிட்டு, மேலாக உள்ளதை ரப்பர் குழாயால் இறக்கிப் பாட்டிலில் அடையுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு திறக்க வேண்டாம். ஓராண்டு கழிந்தால் முரட்டுத் துவர்ப்பு அடங்கி, கொட்டைப் பருப்பும் உலர்பழமும் கலந்த மணம் வெளிவரும். பரிமாறும் அளவு 6 முதல் 8 சென்டிலிட்டர், குளிர்ச்சியாக, சாப்பாட்டுக்கு முன்.

கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. விருந்தினரிடம் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

நான் செய்தது மிகக் கசப்பாக இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

முதல் சில மாதம் எல்லாமே கசக்கும். ஆறு மாதம் விடுங்கள். பிறகும் கசந்தால் அதே வகை ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் சாராயமும் மேற்சொன்ன விகிதத்தில், காய் போடாமல் கலந்து அதனோடு சேருங்கள். சர்க்கரையை மட்டும் கூட்டினால் கசப்போடு திகட்டலும் சேரும்.

புரோவான்ஸ் ஆரஞ்சு ஒயின்?

இதற்கு வேண்டியது கசப்பு ஆரஞ்சு. பிரெஞ்சில் ‘பிகராத்’. ஜனவரி, பிப்ரவரியில்தான் வரும். அந்த வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

6 கசப்பு ஆரஞ்சு, 1 எலுமிச்சை, 5 லிட்டர் ரோசே, 1.25 லிட்டர் சாராயம், 1 கிலோ சர்க்கரை, நீளவாக்கில் கீறிய 1 வனிலாக் காய். மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் படாத பழமாக வாங்க வேண்டும், ஏனென்றால் தோல்தான் முக்கியம். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, தோலோடு எட்டாக வெட்டி, விதையை நீக்கிவிடுங்கள். விதை விடும் கசப்பு வேறு, தோல் கசப்பு வேறு. எல்லாவற்றையும் ஜாடியில் சேர்த்து 40 நாள் வையுங்கள்.

இதில் அதிகம் கெடுவது மேலே மிதக்கும் துண்டுகளால். காற்றில் நிற்கும் தோலில் பூஞ்சை பிடிக்கும். ஒரு சிறு பீங்கான் தட்டை மேலே வைத்து அமுக்குங்கள், அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை மரக்கரண்டியால் கீழே தள்ளுங்கள். வெள்ளைப் பஞ்சு அதிகமாக இருக்கும் தடித்தோல் பழமானால் 30 நாளில் ருசி பார்த்து நிறுத்திவிடலாம்.

வடிகட்டிய பிறகும் கலங்கலாக இருப்பது பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளால். ஒரு வாரம் குளிர்பெட்டியில் நிறுத்தினால் பெரும்பகுதி அடியில் படியும். காபி ஃபில்டரில் முழுவதையும் ஊற்றினால் தாள் அடைத்துக்கொள்ளும். தெளிந்ததை முதலில் இறக்கி, அடி வண்டலை மட்டும் தாளில் விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குடிக்கலாம். வால்நட் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்தால் பழ மணம் மங்கும்.

கசப்பு ஆரஞ்சு கிடைக்கவில்லை. இனிப்பு ஆரஞ்சில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தட்டையாக இருக்கும். 4 இனிப்பு ஆரஞ்சு, 2 எலுமிச்சை, பாதி கிரேப்ஃப்ரூட் என்று எடுத்தால் கசப்பும் புளிப்பும் ஓரளவு வரும். சர்க்கரையை 800 கிராமாகக் குறையுங்கள்.

க்ரெம் து காசிஸ் வீட்டில் வருமா? கடையில் வாங்குவது போல அடர்த்தியாக?

வரும். பர்கண்டியில், குறிப்பாகத் திஜோன் நகரில், 1841 முதல் தொழிலாகவே செய்துவருகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி இந்தப் பெயரில் விற்க லிட்டருக்குக் குறைந்தது 400 கிராம் சர்க்கரையும் 15 சதவீத மதுவும் இருக்க வேண்டும். வீட்டு அளவை அதற்கே பொருத்திக்கொள்ளலாம்.

1 கிலோ காசிஸ் பழம் (உறைந்ததும் ஆகும், உறைந்து கரையும்போது தோல் தானே வெடித்துச் சாறு விடும்), 1 லிட்டர் 40 சதவீதச் சாராயம், கிடைத்தால் அதே செடியின் 8, 10 இலைகள். பழத்தை முள்கரண்டியாலோ கையாலோ நசுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து துவர்க்கும். இரண்டு மாதம் இருட்டில் வைத்து, மல் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கடைசியில் மெல்லப் பிழியுங்கள்.

இப்போது கிடைத்த சாற்றை அளந்து, லிட்டருக்கு 600 கிராம் சர்க்கரை சேருங்கள். பழத்தின் நீரோடு கலந்து சாராயம் ஏறக்குறைய 22 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். 600 கிராம் சர்க்கரை கரைந்ததும் 1 லிட்டர் 1.37 லிட்டராகும். மது 16 சதவீதம், சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 440 கிராம். சுடவைக்காதீர்கள். குளிர்ந்த நிலையிலேயே தினம் இருமுறை குலுக்கினால் மூன்று நான்கு நாளில் கரையும். சூடு பட்டால் புதுப்பழ மணம் போய் ஜாம் மணம் வரும்.

இதன் எதிரி காற்று. ஊதா நிறம் பழுப்பாகி மணம் உலர்பழமாக மாறிவிட்டால் காற்று பட்டதென்று பொருள். சிறு பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி, திறந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

காசிஸ் ஜெல்லி போல உறைந்துவிட்டது. ஏன்?

இந்தப் பழத்தில் பெக்டின் மிகுதி. பழத்தைச் சர்க்கரையோடு சூடாக்கிப் பிழிந்தால் இறுகும். சுவைக்குக் கெடுதல் இல்லை. ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம், அல்லது கொஞ்சம் சாராயம் விட்டு அடித்துக் கரைத்து மீண்டும் வடிகட்டலாம்.

கிர் கலப்பது எப்படி?

கோப்பையில் முதலில் காசிஸ், அதன்மேல் குளிர்ந்த வெள்ளை ஒயின். அப்போது தானே கலக்கும், கிளற வேண்டாம். பர்கண்டியில் புளிப்புத் தூக்கலான அலிகோத்தே ஒயினைத்தான் விடுவார்கள், காசிஸின் இனிப்பை அது தாங்கும். விகிதம் முன்பு மூன்றில் ஒரு பங்கு காசிஸ் வரை போனதுண்டு. இன்று ஐந்தில் ஒன்று போதும் என்பார்கள். 1945 முதல் 1968 வரை திஜோன் மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர் விருந்துகளில் தொடர்ந்து இதைக் கொடுத்ததால் அவர் பெயர் நிலைத்தது. பானம் அவருக்கு முன்பே இருந்தது.

எளிதாக ஒன்று சொல்லுங்கள். முதல் முறை செய்கிறேன்.

‘44’ லிக்யூர். ஒரு நல்ல ஆரஞ்சின் தோலில் 44 இடத்தில் கத்தி முனையால் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு வறுத்த காபிக் கொட்டையைச் செருகுங்கள். ஜாடியில் 44 சர்க்கரைக் கட்டி, 1 லிட்டர் சாராயம், இந்த ஆரஞ்சு. 44 நாள் கழித்து வடிகட்ட வேண்டியதுதான். ஒரு கட்டி ஏறக்குறைய 5 கிராம் என்பதால் 220 கிராம் சர்க்கரை. ஆரஞ்சு முழுதும் மூழ்கியிருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் தவற இடமில்லை.

எலுமிச்சை மணம் வீசும் வெர்வேன் இலை கிடைத்தால் 40 இலை, 40 கட்டி, 40 நாள், 1 லிட்டர். அதுவும் இதே எளிமை.

பொம்மோ, பினோ போன்ற, சாறும் சாராயமும் கலந்த பானங்களை வீட்டில் செய்யலாமா?

அந்தப் பெயர்கள் நார்மண்டி, ஷராந்த் போன்ற பகுதிகளுக்கே உரியவை. முறையை மட்டும் வீட்டில் பின்பற்றலாம். புளிக்காத புதுச் சாற்றில் சாராயம் ஊற்றிப் புளிப்பைத் தொடங்கவிடாமலே நிறுத்துவதுதான் அது. நார்மண்டியில் ஆப்பிள் சாற்றோடு கால்வதோஸ் என்ற வலுவான ஆப்பிள் சாராயம் சேர்த்து 16 முதல் 18 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். உங்களிடம் இருப்பது 40 சதவீதமானால் 1 லிட்டருக்கு 1.35 லிட்டர் சாறு என்று கொண்டால் 17 சதவீதம் வரும். சாறு பிழிந்த அன்றே கலக்க வேண்டும். மறுநாள் வரை வைத்தால் காட்டு ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சில மாதம் நிறுத்தித் தெளிந்ததை இறக்குங்கள்.

சைடர்? பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே.

வெடிக்கும். காரணத்தைப் புரிந்துகொண்டால் தவிர்க்கலாம். மூடிய பாட்டிலில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் ஏறும். ஷாம்பெயினில் 24 கிராம் சேர்த்து 6 பார் வரவைப்பது இந்தக் கணக்கில்தான். ஆப்பிள் சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பாதி புளித்ததை இறுக மூடினால் எந்தப் பாட்டிலும் தாங்காது.

நார்மண்டி முறையில் சாற்றின் பெக்டினும் கால்சியமும் சேர்ந்து மேலே பழுப்பு ஏடாக எழும்பும். ஈஸ்டுக்கு வேண்டிய சத்து அதோடு போய்விடுவதால் புளிப்பு மிக மெதுவாகி, இனிப்பு மிச்சமிருக்கும்போதே அடங்கும். அதற்கேற்ற துவர்ப்பு ஆப்பிளும் குளிர்ந்த நிலவறையும் வேண்டும். வீட்டுச் சமையலறையில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

பாதுகாப்பான வழி: புது ஆப்பிள் சாற்றை, அல்லது பதன்பொருள் சேர்க்காத கடைச் சாற்றை, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத மூடி போட்ட ஜாடியில் ஒயின் ஈஸ்டுடன் 12 முதல் 15 பாகைச் செல்சியஸில் விடுங்கள். அடர்த்திமானியில் தொடக்கத்தில் 1.050, 1.055 காட்டும். 1.000 அல்லது அதற்குக் கீழ் வந்து ஒரு வாரம் அசையாமல் நின்றால் முடிந்தது. மது ஏறக்குறைய 7 சதவீதம். தெளிந்ததை இறக்கி, லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கரைத்து, தடித்த ஷாம்பெயின் பாட்டிலில் மட்டும் அடையுங்கள். இரண்டரை பார் அளவுக்கு நுரை வரும். சாதாரண ஒயின் பாட்டில் இதற்கு ஆகாது. பொட்டாசியம் சார்பேட் சேர்த்த சாறு வாங்கினால் புளிக்கவே புளிக்காது. ‘ஈஸ்ட் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை அந்தச் சாற்றால்தான்.

சுரோ பூ எலுமிச்சைப் பானம் குழந்தைகளுக்கு ஏற்றதா?

‘சுரோ’ என்பது மே, ஜூனில் வெள்ளைக் குடை போலப் பூக்கும் ஐரோப்பிய மரம். 10 பூங்கொத்து, 5 லிட்டர் நீர், 500 கிராம் சர்க்கரை, வில்லையாக வெட்டிய 2 எலுமிச்சை, 100 மில்லி ஆப்பிள் காடி. துணி மூடி மூன்று நான்கு நாள் வைத்தால் பூவில் உள்ள ஈஸ்டே நுரைக்கத் தொடங்கும். பூவைக் கழுவக் கூடாது, மகரந்தமும் ஈஸ்டும் போய்விடும். உதறிப் பூச்சியை மட்டும் நீக்குங்கள். காம்பைக் குட்டையாக நறுக்குங்கள். பச்சைத் தண்டும் இலையும் வயிற்றுக்கு ஆகாது.

லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை என்பதைக் கவனியுங்கள். முழுதும் புளித்தால் 6 சதவீத மது, மூடி வைத்தால் 25 பார். ஆகவே பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் மட்டும் ஊற்றி, அமுக்கினால் கல்லாக இருக்கும் நிலையில் உடனே குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். சிறிது மது எப்படியும் இருக்கும். குழந்தைகளுக்கு என்றால் புளிக்கவைக்காமல் பூவைச் சர்க்கரைப் பாகில் ஒரு நாள் ஊறவைத்த சிரப்பையே கொடுங்கள்.

மரத்தைச் சரியாக அறிந்துகொண்டு பறியுங்கள். ‘இயெபிள்’ என்ற நச்சுச் செடி இதைப் போலவே இருக்கும். அது மரமாகாது, தரையிலிருந்து பச்சைத் தண்டாக நிமிர்ந்து நிற்கும், கசக்கினால் நாறும்.

ஒர்ஷா என்ற பாதாம் சிரப் கடையில் வாங்கியது போல வரவில்லையே?

கடைச் சரக்கில் பல சமயம் பாதாமை விட வாசனைப் பொருள்தான் அதிகம். வீட்டு ஒர்ஷா வேறு தரம்.

250 கிராம் பாதாமை இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, ரவை பதத்துக்கு அரையுங்கள். வெண்ணெய் போல அரைத்துவிட்டால் எண்ணெய் பிரியும். 500 மில்லி நீர் சேர்த்து நாலு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவைத்து, மல் துணியில் இறுக்கிப் பிழியுங்கள். ஏறக்குறைய 400 மில்லி பால் வரும். அதில் 600 கிராம் சர்க்கரை போட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் கரையவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். ஆறியபின் 1 மேசைக்கரண்டி ஆரஞ்சுப்பூ நீர்.

இரண்டு நாளில் மேலே கெட்டியாக ஒரு படலம் பிரியும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், குலுக்கினால் சேரும். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். ஒரு பங்குக்கு ஆறு பங்கு நீர், நன்னாரி சர்பத் கலப்பது போலத்தான். கசப்புப் பாதாமைப் பச்சையாகச் சேர்க்கும் பழைய முறையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து சயனைடு வெளிப்படும். மணம் வேண்டுமானால் உணவுத் தரக் கசப்புப் பாதாம் சாரம் இரண்டு சொட்டு போதும்.

புதினா சிரப் ஏன் பச்சையாக இல்லை?

சூட்டில் பச்சையம் பழுப்பாகும். கடைப் புதினா சிரப்பின் பச்சை பெரும்பாலும் நிறமூட்டி. 100 கிராம் இலையைக் கொதிநீரில் 15 விநாடி போட்டு எடுத்து, பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, ஆறிய பாகோடு அரைத்து வடிகட்டினால் சில நாள் பச்சை நிற்கும். பாகுக்கு 900 கிராம் சர்க்கரை, 500 மில்லி நீர். கம்பிப் பதம் வரை காய்ச்ச வேண்டாம், கரைந்தால் போதும். எடையில் 67 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை போனால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு அதைத் தடுக்கும். இந்த சிரப்பை எலுமிச்சை சோடாவில் கலந்தால் ‘தியாபோலோ மாந்த்’.

மாதுளையில் செய்யும் கிரெனடினுக்கும் இதே விதி: 500 மில்லி சாறு, 700 கிராம் சர்க்கரை, கொதிக்கவிடாமல் கரைத்தல். முத்துகளைக் கையால் பிழியுங்கள்.

இப்போக்ராஸ் என்பது என்ன? அதில் நம் ஊர்ச் சரக்கு இருக்கிறதாமே?

இடைக்காலப் பிரெஞ்சு மசாலா ஒயின். 14-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் வீட்டுக் குறிப்புகளிலேயே அளவு இருக்கிறது. ஏலமும் இஞ்சியும் திப்பிலியும் அன்று இந்தியக் கடற்கரையிலிருந்து கைமாறிக் கைமாறிப் போனவை. அதனால் அது பணக்காரர் பானம்.

750 மில்லி சிவப்பு ஒயின், 100 கிராம் சர்க்கரை அல்லது தேன், பட்டை 8 கிராம், சுக்கு 4 கிராம், ஏலம் 3, கிராம்பு 2, திப்பிலி 1, ஒரு சிறு துண்டு சித்தரத்தை. ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு 24 மணி நேரம் வைத்து, துணியில் இருமுறை வடிகட்டுங்கள். கடைப் பொடியைப் போட்டால் சேறு, எத்தனை முறை வடித்தாலும் போகாது. இதில் சாராயம் சேர்க்கவில்லை என்பதால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

பாஸ்தீஸ், அப்சாந்த் செய்முறை தர முடியுமா?

அப்சாந்துக்குத் தரமாட்டோம். நல்ல அப்சாந்த் வாலையில் வடித்தே வருவது. அதன் மூலப்பொருளான, எட்டிக் கசப்பான மூலிகையை வெறுமனே ஊறவைத்தால் குடிக்கவே முடியாது. அந்த மூலிகையின் எண்ணெயை வாங்கிக் கலந்தால் அது நரம்பைத் தாக்கும். பிரான்ஸ் 1915-இல் அப்சாந்தைத் தடை செய்த பிறகு அதன் இடத்தைப் பிடித்த சோம்புச் சாராயங்களில் ஒன்றுதான் பாஸ்தீஸ்.

பாஸ்தீஸ் போன்ற ஒன்றைச் செய்யலாம். 1 லிட்டர் 45 சதவீதச் சாராயம், அன்னாசிப்பூ 20 கிராம், பெருஞ்சீரகம் 10 கிராம், அதிமதுரம் 15 கிராம், இரண்டு வாரம், பிறகு 60 கிராம் சர்க்கரை. அன்னாசிப்பூவை உணவுக் கடையில் மட்டும் வாங்குங்கள். ஜப்பானிய வகை பார்வைக்கு ஒன்றாக இருக்கும், ஆனால் நச்சு. குளிர்பெட்டியில் வைத்தால் சோம்பு மணம் தரும் அனெத்தோல் என்ற பொருள் படிகமாகிப் பிரியும், அறைச் சூட்டில் வையுங்கள். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு குளிர்ந்த நீர். பனிக்கட்டி கடைசியில்தான்.

எதைக் கொட்டிவிட வேண்டும்?

மேலே பஞ்சு போன்ற பூஞ்சை பிடித்த ஜாடி முழுவதையும். ஏட்டை மட்டும் எடுத்துவிட்டுக் குடிக்கக் கூடாது. காடி மணம் வந்த வால்நட் அல்லது ஆரஞ்சு ஒயின் குடிக்க உதவாது, சமையலுக்குக் காடியாகப் பயன்படும். நகப்பூச்சு நீக்கி போல மணந்தால் அதுவும் வேண்டாம். அடியில் படியும் பழுப்பு வண்டல் மட்டும் கெடுதல் இல்லை, பாட்டிலை அசைக்காமல் சாய்த்து ஊற்றினால் போதும். ஊறவைத்த ஒயினைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று வாயு வந்தால் உள்ளே மறுபடி புளித்திருக்கிறது. அதே தொகுதியின் மற்ற பாட்டில்களையும் அன்றே திறந்து, கணக்குப் போட்டுச் சாராயம் கூட்டி, திரும்ப அடையுங்கள்.